மேற்குச் சுவரில் ஒரு சாய்ப்பு

செப்டம்பர் 9, திங்கள்

சிவகாமி டீச்சர் ஜாக்கெட் இரண்டு. கை பதினொன்று. முதுகில் இறக்கம் வேண்டாமாம், பள்ளிக்கூடத்துக்குப் புது ஹெட்மாஸ்டர் வந்திருக்கிறாராம்.

என் வீட்டுக்காரர் இன்று எழுந்துவிட்டார். மே மாதம் மில்லைப் பூட்டிய நாளிலிருந்து கட்டிலும் ஃபேனும்தான் இவருக்கு உலகம். குளிக்க எழுவார், சாப்பிட எழுவார், திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வார். இன்று காலை என் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனவரை ஆளைக் காணோம். பதறிப் போய்ப் பார்த்தால், மேற்குச் சுவரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கோடு இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க இது?"

"சாய்ப்பு இறக்கப் போறேன்."

"எதுக்கு?"

"வண்டி நனையுதுல்ல."

கோவில்பட்டியில் மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. இருக்கட்டும். ஆளும் கோடும் நேராக நின்றால் போதும். கோடு நேராக இல்லை. ஆள் நின்றார்.

இது நூல்கண்டுக் கடையில் கொடுத்த டைரி, அளவு எழுத வைத்திருக்கிறேன். இன்று இதையும் சேர்த்து எழுதத் தோன்றியது. இன்னும் இரண்டு விஷயம் எழுதாமல் விட்டிருக்கிறேன். ஜூனில் தையல் மிஷினை உள்ளறை ஜன்னலோரத்திலிருந்து ஹாலுக்கு மாற்றினேன். வெளிச்சத்துக்காக. ஹாலில் டியூப்லைட் போட்டால்தான் ஊசி தெரியும், இருந்தாலும் அங்கேதான் வசதி, கட்டில் கண்ணுக்கு நேரே இருக்கிறது. பரணில் கிடந்த நைலான் கயிற்றை அதே வாரம் பக்கத்து வீட்டுச் சீனியக்காவின் ஆட்டுக்குக் கொடுத்துவிட்டேன். ஓடுகிற ஆடு.

செப்டம்பர் 10, செவ்வாய்

மூன்று தோசை சாப்பிட்டார். நான்காவது வேண்டுமா என்று கேட்டதற்கு யோசித்தார்.

செப்டம்பர் 11, புதன்

சவுக்குக் கம்பு எட்டு, தகரம் ஆறு, தட்டுவண்டியில் வந்து இறங்கின. கூடவே ஒரு புதுச் சுத்தியல்.

என் வீட்டுக்காரர் தளவாய் சுத்தியல் பிடித்து நான் பார்த்ததில்லை. மில்லில் இருபத்து நான்கு வருஷம் நூலின் பலம் பார்க்கிற வேலை. நூலை மிஷினில் மாட்டி, எத்தனை இழுவைக்கு அறுகிறது என்று எழுதுவார். கல்யாணமான புதிதில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடித்தார். சுவர் காரை உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அதை மறைக்கப் பெரிய காலண்டராக வாங்கினோம்.

சீனியக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சீனியம்மாள் என்று பெயர். முப்பத்திரண்டு வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். இந்த ஊரில் பாதி வீடுகளுக்கு மண்ணும் கல்லும் இவள் தலை வழியாகத்தான் போயிருக்கும். முட்டி வலி வந்தபிறகு இரண்டு ஆடு வைத்திருக்கிறாள்.

"தம்பி வீடு கட்டுதாகளா?" என்றாள்.

"சாய்ப்பு, யக்கா."

"நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நல்லது இல்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

வெளிக் கம்பு நான்கும் நட்டாயிற்று. மாலை நான்கு மணிக்கு இவர் கொம்பையா டீக்கடைக்குக் கிளம்பினார். நான்கு மாதத்தில் முதல் தடவை. சட்டையை இன் பண்ணிக்கொண்டு போனார், எல்லாரிடமும் சொல்ல வேண்டும் அல்லவா?

அவர் தெருமுனை திரும்பியதும் சீனியக்கா வந்துவிட்டாள். கம்பை அண்ணாந்து பார்த்தாள். சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏத்தா உலகு, மழத்தண்ணி ஒன் வீட்டுக்குள்ள வரணும்னு எதுவும் வேண்டுதலா?"

அப்போதுதான் பார்த்தேன். சுவர்ப் பக்கம் உயரமாகவும் வெளியே தாழ்வாகவும் இருந்தால்தானே தண்ணீர் வெளியே ஓடும்? இவர் வெளிக் கம்பைச் சுவர்க் கோட்டைவிட ஒரு முழம் உயரமாக நட்டிருக்கிறார். பெய்கிற மழை முழுக்க நேரே எங்கள் சுவருக்குத்தான்.

"தம்பி வரட்டும், நான் சொல்லுதேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லிராதீக அக்கா. தப்புன்னு தெரிஞ்சா திரும்பப் போய்ப் படுத்துருவாக."

சீனியக்கா சிரிப்பை நிறுத்தினாள். எங்கள் கட்டில் அவள் வீட்டு அடுப்படியிலிருந்தும் தெரியும்.

"கடப்பாரை எங்கன இருக்கு?" என்றாள்.

செப்டம்பர் 14, சனி

இவர் டீக்கடையில் இருந்த நேரம், நான்கு மணியிலிருந்து ஆறு மணிக்குள், நான்கு குழியையும் ஆழப்படுத்தி, கம்புகளை ஒன்றரை முழம் கீழே இறக்கிவிட்டோம். அக்கா சொல்லச் சொல்ல நான் தோண்டினேன். கை இரண்டிலும் கொப்புளம். சிவகாமி டீச்சர் ஜாக்கெட்டில் இன்று ஒரு தையல்கூட விழவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலையில் பல் குச்சியோடு போனவர் கம்புக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். தலைமேல் கையை வைத்து அளந்தார்.

"உலகு, இது முந்தாநாள் என் தலைக்கு ரொம்ப மேல இருந்துச்சு."

"நீங்க வளந்திருப்பீக."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "கரிசல் மண்ணுல்ல தம்பி. உள்ள இழுக்கும்."

"நாலையும் ஒரே அளவுக்கா இழுக்கும்?"

"நல்ல மண்ணு" என்றாள் சீனியக்கா.

இவர் மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எதையும் நம்புகிற மனிதர். பாவமாக இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

சுவரில் சட்டம் அடிக்க வாடகைக்கு டிரில்லிங் மிஷின் எடுத்து வந்தார். ஆறு ஓட்டை தேவை. பதினான்கு போட்டிருக்கிறார். சட்டம் உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷமாக டீக்கடைக்குப் போனார். சுவரைப் பார்த்தால் அம்மை போட்ட முகம்.

சீனியக்கா ஒரு சட்டியில் சிமெண்டும் மணலும் குழைத்து வந்தாள். மடியிலிருந்து பூச்சுக் கரண்டி ஒன்றை எடுத்தாள். கைப்பிடி புதுசாகவே இருந்தது.

"ஏதுக்கா?"

"வாங்கிப் பதினெட்டு வருஷம் ஆச்சு. தொட விட்டாத்தானே? ஒரு நா கொத்தனாரு வரல. சரி, ஒரு பாகந்தானேன்னு நானே பூசிட்டேன். நூல் பிடிச்ச மாதிரி வந்துச்சு. மேஸ்திரி வந்து பாத்தாரு. 'பொம்பள கைபட்ட பூச்சு நிக்காது'ன்னு ஈரத்தோட வழிச்சுப் போட்டுட்டாரு. வழிச்சுப்போட்ட சாந்த அள்ளினதும் நாந்தேன்."

பேசிக்கொண்டே பூசினாள். கரண்டி சுவரில் வழுக்கிக்கொண்டு போன அழகை நான் எப்படிச் சொல்வேன்? பருத்திப் புடவையை இஸ்திரி போடுகிற மாதிரி. எட்டு ஓட்டையும் இருந்த இடம் தெரியவில்லை.

செப்டம்பர் 18, புதன்

"சுவர் தானா ஆறிருச்சு போல" என்றார் இவர். நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். போட்டுக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

சாய்ப்பு இன்னும் ஆடுகிறது. கையை வைத்துத் தள்ளினால் ஒரு பக்கமாகச் சரிகிறது. கம்பும் சட்டமும் சேர்கிற மூலையில் ஜாக்கெட்டுக்கு அக்குள் துண்டு கொடுப்பதுபோல ஒரு குறுக்குக் கட்டை கொடுத்தால் நின்றுவிடும். இவருக்கு அது தோன்ற வேண்டுமே! சீனியக்காவும் நானும் நாளைக்குச் செய்யலாம் என்று பேசியிருக்கிறோம்.

செப்டம்பர் 21, சனி

ஆச்சரியம். இவரே காலையில் எழுந்து நான்கு மூலைக்கும் குறுக்குக் கட்டை அடித்துவிட்டார். "படுத்துக்கிட்டே யோசிச்சேன், தோணுச்சு" என்றார். சாய்ப்பு கல் மாதிரி நிற்கிறது.

சீனியக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவளுக்கு என்னவோ முகம் வாடிவிட்டது. "நாலு மணிக்கு எனக்கு வேல இல்லயாக்கும்" என்றாள்.

செப்டம்பர் 23, திங்கள்

காஜா எடுத்துக் கழுத்து வலி. இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில், மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு டம்ளர் காப்பி கையில் கொண்டுவந்து கொடுத்த ஆள் இல்லை. யாரைச் சொல்லி என்ன?

செப்டம்பர் 24, செவ்வாய்

காப்பி வந்தது! சர்க்கரை அள்ளிப் போட்டிருந்தார், பாகு மாதிரி இருந்தது. முழுக்கக் குடித்தேன். கை வேலை செய்தால் மனிதன் இளகிவிடுகிறான் என்று தெரிகிறது.

செப்டம்பர் 25, புதன்

தகரத்துக்கு அடியில் வருகிற ரீப்பர் கட்டைகளை மேலே ஏற்ற வேண்டும். "பரண்ல ஒரு கயிறு கெடந்துச்சே?" என்றார்.

"சீனியக்கா ஆட்டுக்குக் குடுத்தாச்சு."

சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஆட்டுக்குட்டி நின்றது. அதைச் சுற்றி ஒரு மலைப்பாம்பு அளவுக்குக் கயிறு சுருண்டு கிடந்தது.

"குட்டிக்கு நாப்பதடிக் கயிறா?"

"ஓடுற ஆடு."

அவர் ஆட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக ஹாலைப் பார்த்தார், மிஷினையும், அதற்கு நேரே கிடக்கிற கட்டிலையும். நான் தகரத்தை எண்ணுவதுபோல் நின்றேன். ஆறு தகரத்தை எத்தனை முறை எண்ண முடியும்?

"ஒன் பழைய சேல ஒண்ணு குடு. முறுக்கினா தாங்கும்" என்றார் கடைசியில்.

நீலச் சேலையைக் கொடுத்தேன். தாங்கியது. மத்தியானம் அவர் படுக்கவில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்து, என் பித்தான் டப்பாவைக் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்தார். நான் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

டைரியில் மரத்தூள்.

20ஆம் தேதிப் பக்கத்தின் மடிப்பில் இருந்தது. நான் ரம்பம் தொட்டதில்லை. வெகுநேரம் அந்தத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறுக்குக் கட்டை. காப்பி. அட, பாகு மாதிரி சர்க்கரை!

இல்லை, சும்மா சந்தேகப்படக் கூடாது. டைரி மிஷினுக்கு அடியில் இருப்பது, காற்றில் தூள் பறந்திருக்கலாம்.

வேறு விஷயம். மீசை இல்லாவிட்டால் இவருக்குப் பத்து வயது குறைந்து தெரியும் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம். யாரிடமும் சொன்னதில்லை.

செப்டம்பர் 28, சனி

மீசை இல்லை.

அய்யோ, நுங்கு சீவின மாதிரி இருக்கிறது முகம். அடுப்படிக்குள் போய் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். வெளியே வந்து, "என்னங்க இது கோலம்?" என்று கேட்டேன். "வெயில் காந்துது" என்றார் பெரிய மனுஷன்.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. எல்லாவற்றையும் படித்திருக்கிறார். குழி தோண்டியதை, சுவரைப் பூசியதை, அவரைப் பாவம் என்றதை. கயிற்றையும். கயிறு எங்கே போனது என்று தெரிந்துகொண்டேதான் அன்று என்னைக் கேட்டிருக்கிறார்.

தன் கையால் செய்தது எதுவும் சரியில்லை என்று படித்த மறுநாளும் சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியேதான் போயிருக்கிறார். கட்டிலுக்குப் போகவில்லை. நான்கு மாதமாகப் பயந்தது இதற்கா? படிக்கிறவர் இதையும் படிக்கட்டும்.

செப்டம்பர் 30, திங்கள்

டீக்கடைக் கொம்பையா அண்ணாச்சி வழியில் பார்த்துப் பேசினார். "தளவாய் டீயக் குடிச்சுட்டுப் போகவே மாட்டேங்காரும்மா. பத்து நாளா, மணியப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. ஆறடிச்சாத்தான் எந்திரிக்காரு. வீட்ல எதுவும் சண்டையா?"

"இல்ல அண்ணாச்சி. ரொம்ப நல்லா இருக்கோம்" என்றேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

இன்று தகரம் ஏற்றுகிற நாள். நான்கு மணி ஆயிற்று. இவர் சட்டை மாற்றவில்லை. சீனியக்கா சுவருக்கு அந்தப் பக்கம் தலையை நீட்டி, இவரைப் பார்த்ததும் தலையை இழுத்துக்கொண்டாள்.

இவர் சுவர்கிட்டே போனார். "யக்கா, கரண்டியோட வந்தாலும் சரி, வெறுங்கையோட வந்தாலும் சரி. எனக்குத் தகரம் ஏத்தத் தெரியாது. ஏணிய நான் பிடிக்கேன், நீங்க ஏறணும்."

அக்காவின் தலை சுவருக்கு மேலே மெல்ல எழுந்தது. பிறகு, "உலகு சொல்லிட்டாளாக்கும்?"

"அவ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல" என்றார் இவர். என்னைப் பார்க்காமல் சொன்னார். மீசை இருந்தால் அதற்குள் சிரிப்பை ஒளித்திருப்பார், இப்போது உதடு துடித்தது நன்றாகவே தெரிந்தது.

சீனியக்கா முட்டி வலியை எங்கே வைத்தாளோ, ஏணியில் ஏழு படியும் ஏறிவிட்டாள். தகரத்தின் மேட்டில்தான் திருகாணி போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் ஒழுகும் என்று மேலேயிருந்து அதட்டினாள். "சரிக்கா, சரிக்கா" என்று இவர் தகரத்தைத் தலையில் வைத்து ஏந்திக் கொடுத்தார். தெருவில் ஆறேழு பேர் நின்று பார்த்தார்கள். கொம்பையா அண்ணாச்சியும் பால்கேனோடு நின்றார்.

அக்டோபர் 3, வியாழன்

முடிந்தது. டீச்சர் ஜாக்கெட்டும் ஒருவழியாக முடிந்தது.

அக்டோபர் 7, திங்கள்

மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்து, கொட்டித் தீர்த்துவிட்டது. சீனியக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். மூவரும் சாய்ப்புக்குள் நின்றோம். தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேச முடியவில்லை. மூவரும் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றோம், எங்கே சொட்டும் என்று. ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் ஓரமாக, கயிறு கயிறாக வெளியே விழுந்து சாக்கடைக்கு ஓடியது.

அரைமணி நேரம் கழித்து மழை விட்டபோதுதான் வாசலைப் பார்த்தோம். வண்டி தெருவிலேயே நின்று முழுக்க நனைந்திருந்தது.

அக்டோபர் 9, புதன்

கொம்பையா அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டுப் பின்சுவரை ஒட்டி இடுப்பளவு செங்கல் வைத்து ஒரு சாய்ப்பு வேண்டுமாம், விறகும் சிலிண்டரும் வைக்க.

"தளவாய், நீ மேஸ்திரியா நின்னு செஞ்சு குடு. கூடமாட எடுத்துக் குடுக்கச் சீனியம்மாவ வச்சுக்க."

இவர் அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். நூலை மிஷினில் மாட்டிவிட்டு அறுகிறதா என்று பார்க்கிற முகம் எனக்குத் தெரியும், அந்த முகம்.

"அண்ணாச்சி, ஒரு திருத்தம். மேஸ்திரி அவுக. நாந்தேன் சித்தாளு."

அண்ணாச்சி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். "ஏப்பா, மில்லுல உக்காந்து வேல பாத்த ஆளு. பொம்பளைக்குக் கீழ மண்ணு சுமக்கியாக்கும்? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஒழுகுற எடத்துல நின்னு சிரிக்கதுக்கு ஒழுகாத எடத்துல நின்னு சிரிக்கட்டும். சம்மதம்னா திங்கக்கெழம வாறோம்."

அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டே சம்மதித்துவிட்டுப் போனார்.

சீனியக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தாள். "வெளையாடாத" என்றாள். மறுபடி சொன்னேன். குழையை ஆட்டுக்கு எட்டாத இடத்தில் போட்டுவிட்டு நின்றாள். அது கத்திக்கொண்டே இருந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

தலைக்குச் சும்மாடு கூட்டத் தெரியவில்லை இவருக்கு. பழைய துண்டை வைத்துச் சீனியக்கா மூன்று முறை சொல்லிக் கொடுத்தாள். தண்ணீர்க் குடத்தை வைத்து வாசலில் நடந்து பழகினார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை நனைந்துவிட்டார்.

அக்டோபர் 14, திங்கள்

கொம்பையா அண்ணாச்சி வீட்டு அக்காவின் பாவாடைக்கு நாடா அளவு எடுக்க வேண்டியிருந்தது. நாடாவுக்கு என்ன அளவு என்று யாரும் கேட்கவில்லை, அதனால் போனேன்.

சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. சீனியக்கா ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, கரண்டியால் செங்கல் தலையில் தட்டிக்கொண்டிருந்தாள். இவர் கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சந்துக்குள் எட்டிப் பார்த்த இரண்டு பேர், "ஏலே, தளவாய் சித்தாளுடா" என்று சிரித்தார்கள். இவர் அவர்களுக்குத் தலையாட்டி வணக்கம் சொல்லப் பார்த்தார், சட்டி சாய்ந்தது, விட்டுவிட்டார்.

"தண்ணி கூடிப்போச்சு" என்றாள் சீனியக்கா சட்டியை எட்டிப் பார்த்து. "திரும்பக் குழைச்சிட்டு வா."

போனார். குழைத்துக்கொண்டு வந்தார்.

அதே நேரத்துக்கு அண்ணாச்சி வீட்டு அக்கா டீத்தட்டோடு வந்தாள். எந்தக் கட்டடத்திலும் டீ முதலில் மேஸ்திரிக்கு, அப்புறம் கொத்தனாருக்கு, மிச்சம் ஆறின பிறகு சித்தாளுக்கு. முப்பத்திரண்டு வருஷம் சீனியக்கா நின்றுகொண்டே குடித்த டீ அது. அந்த அக்கா பழக்க தோஷத்தில் தட்டை நேரே இவரிடம் நீட்டினாள்.

"மொதல்ல மேஸ்திரிக்கு" என்றார் இவர், சட்டிக்கு அடியிலிருந்து.

அக்கா திரும்பி, தட்டைச் சீனியக்காவிடம் நீட்டினாள். சீனியக்கா கரண்டியைச் சுவர்மேல் வைத்தாள். கையைக் கழுவினாள். சட்டை நுனியில் ஈரத்தைத் துடைத்தாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதை இழுத்து நிழலில் போட்டு, உட்கார்ந்து, டம்ளரை எடுத்து ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தாள்.

இவர் நின்றார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

"மேஸ்திரியம்மா, எறக்கி வைக்கட்டுமா?"

சீனியக்கா இன்னொரு வாய் குடித்தாள். டம்ளரில் இன்னும் பாதி இருந்தது.

"பொறு தம்பி" என்றாள். "டீ நல்லா இருக்கு."